கைக்குக் கை மாறிய சட்டை

என் பழைய வேலையை இப்போது செய்கிற பிள்ளைக்கு அபிராமி என்று பெயர். மதுரைப் பக்கம். போன மாதம் ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அங்கிள், நம்ம மியூசியம் திருப்பிக் கொடுத்த பொருள்களைப் பத்தி ஒரு சின்ன எக்ஸிபிஷன் வைக்கிறாங்க. அந்தச் சட்டைக்கு நான்தான் லேபிள் எழுதணும். யாரோட சட்டைன்னு போடுறது? பழைய ஃபைல்ல ஒண்ணு இருக்கு, கமிட்டி பேப்பர்ல வேற ஒண்ணு இருக்கு. நீங்க அப்ப அங்கதானே இருந்தீங்க?"

"ஓம், இருந்தனான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்ல?"

"இருந்தனான் எண்டுதான் சொன்னனான் பிள்ளை. தெரியும் எண்டு சொல்லேல்லை."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடவில்லை. அந்தச் சட்டை யாருடையது, அதற்கு நான் யார், அது போன அன்று நான் போனது செத்த வீடா கலியாண வீடா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. லேபிளில் நாலு வரிதான் எழுதலாமாம். நாலு வரியில் குழம்பத் தெரியாத ஆள் நான். அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதுகிறேன். வாசித்து முடித்து யாருக்காவது விளங்கினால் அபிராமிக்குச் சொல்லுங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

லண்டனுக்கு வந்தபோது எனக்கு அருங்காட்சியகம் என்றால் என்னவென்றே தெரியாது. ஃபாரஸ்ட் கேட்டில் பெட்ரோல் நிலையத்தில் நின்றேன், பிறகு அலுவலகங்கள் கூட்டித் துடைத்தேன், பிறகு ஒருவர் சொல்லி அருங்காட்சியகத்தில் அறைக் காவலுக்குப் போனேன். வருகிற பிள்ளைகளிடம் "தொடாதே" என்று சொல்வதற்குச் சம்பளம் தந்தார்கள். சில வருடங்களில் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். அங்கே தொடுவதற்குச் சம்பளம். ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறி நகரத்தின் மற்றக் கரைக்குப் போய், யன்னல் இல்லாத ஒரு கட்டடத்தில் உலகத்தார் எல்லாருடைய சாமான்களையும் பெட்டியிலிருந்து எடுப்பதும் பெட்டியில் வைப்பதும்தான் வேலை. ஓய்வு பெறும்வரை அதையே செய்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்தவள் மார்கரெட். ஸ்கொட்லாந்துக்காரி. ஆள் மெலிவு, குரல் அதைவிட மெலிவு. யாரையும் ஏசியதை நான் கேட்டதில்லை. நாங்கள் ஏதாவது பிழையாகச் செய்தால் அவள் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள். அவள் சுவரைப் பார்த்தால் நாங்கள் முதலிலிருந்து தொடங்குவோம். ஏச்சு வாங்கியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

வேலையை அவள் பழக்கிய விதம் இன்னும் என் கையில் இருக்கிறது. மோதிரம், கைமணிக்கூடு, பையிலுள்ள பேனா எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். எடுக்கமுன் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்து, மூச்சு ஆறுமட்டும் நிற்க வேண்டும். எங்கே வைக்கப் போகிறோம், இடையில் எந்தக் கதவு, அதை யார் திறப்பது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே எடுக்கலாம். எல்லாவற்றிலும் பெரிய விதி, ஒரு பொருளைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது. ஒருவர் மேசையில் வைத்துக் கையை எடுத்த பிறகுதான் மற்றவர் தொடலாம். கைக்குக் கை மாறுகிற நேரத்தில்தான் பொருட்கள் விழுகின்றனவாம், அவன் பிடித்துவிட்டான் என்று இவன் நினைப்பானாம், இவன் விடவில்லை என்று அவன் நினைப்பானாம்.

எங்கள் வீட்டில் அம்மாவும் உப்பையும் மிளகாயையும் கைக்குக் கை தரமாட்டா, கீழே வைப்பா, நாங்கள் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வருமாம். இதை நான் மார்கரெட்டிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "உன் அம்மாவை நான் வேலைக்கு எடுத்திருப்பேன்" என்றாள்.

இனிச் சட்டை. லகோட்டா என்பவர்கள் அமெரிக்காவின் வட சமவெளியில் இருக்கிற மக்கள். சின்ன வயதில் நாங்கள் பார்த்த படங்களில் குதிரையில் வந்து சுடுபட்டு விழுந்தவர்கள் அவர்கள்தான். அப்போது விழுந்தவர்களுக்காக நாங்கள் கை தட்டவில்லை. களஞ்சியத்தில் அவர்களுடைய சட்டை ஒன்று இருந்தது. இரண்டு மான் தோலில் தைத்தது, தோளில் நீலமும் மஞ்சளுமாக மணி கோத்த பட்டி, கைநெடுக மனித மயிர்க் கற்றைகள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் யாரோ ஆர்சனிக் நஞ்சு தூவி வைத்திருந்ததால் கையுறை இல்லாமல் தொட முடியாது. அது ஒரு பெரிய தலைவருடைய சட்டை என்று ஃபைலில் இருந்தது. அவர் ஒரு குதிரைக் காட்சிக் குழுவோடு லண்டனுக்கு வந்தாராம். இங்கே குளிரில் காய்ச்சலாகக் கிடந்தபோது பார்த்த டாக்டருக்கு இதைக் கொடுத்தாராம். டாக்டரின் மகள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தாவாம். தலைவரின் பெயரை நான் எழுதவில்லை. குடும்பத்தார் அதை விரும்பவில்லை.

வருடக்கணக்காக அந்த இழுப்பறையைத் திறந்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, மூடியிருக்கிறேன். ஒருநாளும் அது யாரோ போட்ட சட்டை என்று நினைத்ததில்லை. என் கடைசி வருடங்களில்தான் அந்தக் குடும்பத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தலைவரின் பூட்டப்பிள்ளை, அதாவது கொள்ளுப்பேத்தி, டெல்மா, தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கிற வயது. அவளுடைய பெறாமகன், தமக்கையின் மகன் ரே, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், கதவளவு உயரம். சட்டையை ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கேட்டு வந்தார்கள். அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு என்ன தேவை?" என்று மார்கரெட் கேட்டாள்.

"புகை, சாப்பாடு, ஒரு கதிரை" என்றாள் டெல்மா.

கதிரை உடனே வந்தது. புகை என்றால் அவர்கள் காய்ந்த ஒரு இலையை எரித்து அந்தப் புகையால் ஆளையும் பொருளையும் சுத்தம் செய்வார்கள். எங்கள் சாம்பிராணி போல. சாப்பாடு என்றால் செத்தவருக்கு வைக்கிற ஒரு பங்கு. களஞ்சியத்தில் நெருப்பு எச்சரிக்கை மணி இருக்கிறது, சாப்பாடு வந்தால் பூச்சி வரும். இரண்டும் ஆகாதவை. மார்கரெட் ஆகாது என்று சொல்லவில்லை. சாமான் லொறிகள் வந்து நிற்கிற பின்பக்கக் கொட்டகையில் மணியை நிறுத்தி வைக்கலாம், அங்கே இரண்டையும் செய்யலாம் என்றாள். ஆனால் முதலில் பார்த்துவிடுங்கள் என்றாள்.

நானும் மார்கரெட்டும் இழுப்பறைத் தட்டோடு சட்டையைத் தூக்கி மேசையில் வைத்தோம். டெல்மா கிட்ட வரவில்லை. கதிரையில் இருந்தபடி தலைவரைப் பற்றிச் சொன்னாள். ஃபைலில் அவர் பெரிய சண்டைக்காரர். அவள் சொன்ன ஆள் வேறு. அவர்களிடம் தலைவர் என்பது ஒரு சட்டை போடும் பொறுப்பாம். மூத்தவர்கள் கூடி ஒருவனைத் தெரிந்து அந்தச் சட்டையைப் போட்டுவிடுவார்களாம். அன்றிலிருந்து அவன் தனக்கு முன் விதவைகளுக்குச் சாப்பாடு பார்க்க வேண்டும், யார் வைதாலும் திருப்பி வையக்கூடாது. கோபத்தில் தன் ஆள் ஒருவன்மேல் கை வைத்தால் சட்டையைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். இவரிடமிருந்து கடைசிவரை வாங்கவில்லை. நிலமெல்லாம் போய், சனம் பங்கீட்டு மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் இவர் கூத்தாடுகிறவர்களோடு கப்பலேறினார். திரும்பிப் போய் ஊரில்தான் இறந்தார், சட்டை இல்லாமல். அவர் இறந்த நாளில் ஒவ்வொரு வருடமும் குடும்பம் ஆற்றங்கரையில் கூடும். நடுவில் ஒரு கம்பளம் விரிப்பார்கள். அதில் ஒன்றும் வைக்க மாட்டார்கள். சட்டைக்கான இடம் அது.

"நான் தவழுகிற காலத்திலிருந்து அந்த வெறும் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றாள். "சாகமுன் அதில் ஒன்று இருக்க வேண்டும்."

பிறகு எழும்பி வந்தாள். சட்டையைத் தொடாமல் தன் கையை அதன் வலது கைக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். பிறகு இடது கைக்கு மேலே. திரும்பவும் வலது. போய்க் கதிரையில் இருந்துவிட்டாள். ரே தங்கள் பாஷையில் ஏதோ கேட்டான். அவள் எங்களுக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இது அவருடையதில்லை."

தலைவர் பொடியனாக இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து இடது முழங்கை முறிந்து, மடங்கினபடியே பொருந்திவிட்டதாம். நீட்ட ஏலாது. அதனால் அவருடைய மனைவி எந்தச் சட்டைக்கும் இடது கையை ஒரு சாண் கட்டையாகத்தான் தைப்பாளாம். டெல்மாவின் தாய்க்கு அது தெரியும், டெல்மாவுக்கும் தெரியும். இந்தச் சட்டைக்கு இரண்டு கையும் ஒரே நீளம். எத்தனை முறை அதை விரித்து மடித்தேன், ஒரே நீளமாக இருப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

"வேறு யாராவது தைத்துக் கொடுத்திருக்கலாம்" என்றாள் மார்கரெட் மெதுவாக.

"கொடுத்திருக்கலாம்."

"ஒரு நாள் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம். அப்படியென்றால் அது அவருக்குக் கொடுத்த சட்டை, அவருடைய சட்டை இல்லை." அவள் கதிரையில் சாய்ந்தாள். "அந்தக் குழுவில் எங்கள் பொடியன்கள் கனபேர் வந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவனுடையதாக இருக்கும்."

ரேக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரில் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், அவருடையது என்று சொல்லி எடுத்துக்கொண்டு போவோம், யாருக்குத் தெரியப்போகிறது என்றான். டெல்மா உதட்டைக் குவித்துச் சட்டைப் பக்கம் காட்டி, "அவனுக்குத் தெரியும்" என்றாள். தலைவரையா, சட்டைக்காரனையா சொன்னாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த நாள், பொருட்களைத் திருப்பிக் கொடுப்பதா என்று முடிவெடுக்கிற கமிட்டியின் கூட்டம். அதில் நடந்ததை மார்கரெட் வந்து சொன்னபோது எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. சட்டை தலைவருடையதுதான் என்று அருங்காட்சியகம் சொல்கிறது. இல்லை என்று குடும்பம் சொல்கிறது. அப்படியிருந்தும் சட்டையைத் தாருங்கள் என்று குடும்பம் கேட்கிறது. தலைவருடையது என்று டெல்மா ஒத்துக்கொண்டால் வாரிசு என்ற முறையில் கொடுக்கலாம். இல்லை என்றால் அவள் யாரோ, சட்டை யாருடையதோ. உலகத்தில் பறிகொடுத்தவன்தான் "என்னுடையது" என்று சண்டை பிடிப்பான். இங்கே பறித்தவர்கள் "உன்னுடையதுதான், ஒத்துக்கொள்" என்கிறார்கள், பறிகொடுத்தவள் "இல்லை" என்கிறாள்.

"அப்ப உரியவனுடைய பெயர் தெரியாவிட்டால்?" என்று கேட்டேன்.

"பெயர் தெரியாதவனுக்கு வாரிசு இல்லை" என்றாள் மார்கரெட். "வாரிசு இல்லாதது இங்கேயே இருக்கும்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவி ரஞ்சிக்குச் சொன்னேன். அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓம் எண்டு எழுதிக் குடுத்திட்டு எடுத்துக்கொண்டு போகட்டுமன். உலகத்தில ஆர் ஃபோமில முழு உண்மை எழுதினவை?"

"அவ பொய் சொல்லமாட்டாவாம்."

"அப்ப ஏன் கேக்கிறா? தன்ரை ஆளின்ரை இல்லையெண்டால் விட்டிட்டுப் போக வேண்டியதுதானே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"உங்களுக்கு என்னதான் விளங்கியிருக்கு" என்றாள். அது அவள் வழக்கமாகச் சொல்வதுதான்.

மறுநாள் டெல்மாவே விளக்கினாள். சிற்றுண்டிச்சாலையில் அவளும் ரேயும் மார்கரெட்டும் இருந்த மேசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இத்தனை காலம் சட்டையைப் பார்த்தது யார் என்று டெல்மா கேட்டிருக்கிறாள். மார்கரெட் என்னைச் சொல்லியிருக்கிறாள்.

"எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது" என்றாள் டெல்மா. "பிறப்பால் உறவில்லாத ஒருவரை உறவாக்கிக்கொள்வது. சும்மா பேச்சுக்கு அல்ல. செய்தபிறகு அது இரத்த உறவைவிட மேல். அவன் பசியோடிருந்தால் நான் சாப்பிடக்கூடாது. இந்தச் சட்டைக்காரனை நான் தம்பியாக எடுக்கப்போகிறேன்."

"சின்னம்மா, அது உயிரோடு இருக்கிறவர்களுக்கு" என்றான் ரே. "ஒரு சட்டையோடு செய்ய ஏலாது."

"வேறு என்ன செய்யலாம் சட்டையோடு? சொல்லு."

"செத்தவனோடு யாராவது செய்து கண்டிருக்கிறீர்களா?"

"கண்டதில்லை. செத்தவன் வேண்டாம் என்று சொன்னதையும் நான் கண்டதில்லை."

ரே கதிரையைப் பின்னால் தள்ளினான். அவனுக்கு அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவளுக்கும் முழுக்கச் சரியாகப் பட்டதா என்று எனக்குச் சந்தேகம். கையிலிருந்த கோப்பையை ஒரு வாய் குடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பிழையாகவும் இருக்கலாம்" என்று அவளே சொன்னாள். "ஆனால் நான் போனபிறகு அவனைக் கேட்டு இங்கே ஒருவரும் வரப்போவதில்லை."

பிறகு என்னைப் பார்த்தாள். அந்தச் சடங்குக்கு இரண்டு பக்கம் வேண்டுமாம், எடுக்கிற பக்கம், கொடுக்கிற பக்கம். சட்டைக்காரன் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை.

"நீ நிற்பாயா?"

நான் யார் அந்தச் சட்டைக்கு? மாதத்தில் ஒருமுறை இழுப்பறை திறந்து பூச்சி பார்த்தவன். அதற்கு எனக்குச் சம்பளமும் தந்தார்கள். ஆனால் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் என் கலியாணம் நடந்தபோது ரஞ்சி பக்கம் நாலு வரிசை சனம், என் பக்கம் ஒருவருமில்லை, யாருக்கும் விசா கிடைக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் என்னோடு ஷிப்ட் மாறுகிற, சும்மா முகம் தெரிந்த ஒரு மனுசன்தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்துக்கு நின்றார். மாலை எடுத்துத் தந்தார், சபைக்கு வணக்கம் சொன்னார், போட்டோவில் முதல் வரிசையில் நிற்கிறார். அவரை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

அடுத்த நாள் கொட்டகையில் நடந்தது. மணியை நிறுத்தினார்கள், தீயணைப்புக் குழாயோடு ஒரு காவலாளி நின்றார், வெளியே ஒரு வான் சாரதி உள்ளே விடச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். டெல்மா இலையைக் கொளுத்தினாள். சட்டைக்குக் காட்டினாள், ரேக்கு, எனக்கு, மார்கரெட்டுக்கு, காவலாளிக்கும் காட்டினாள். பிறகு பாடினாள். நீளமான பாட்டு. அவர்கள் ஊரில் இது பெரிய சடங்காம், அன்று அவள் செய்தது சுருக்கம்.

சட்டையைத் தன்னிடம் தரச் சொன்னாள்.

நான் கையுறையோடு எடுத்துப் பக்கத்து மேசையில் வைக்கப்போனேன், கை பழகின பழக்கம். "மேசையில் இல்லை" என்றாள். "உன் பக்கம் என் பக்கத்துக்குக் கொடுக்கிறது. கையில் கொடு." தன் இரண்டு கையிலும் ஒரு கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு நீட்டினாள். நஞ்சு படாது, அதை முதல் நாளே மார்கரெட்டோடு பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கைக்குக் கை. நான் மார்கரெட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்த விதியைப் போட்டவள், அதைத் தன் உயிராகக் காத்தவள். அவள் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் எங்களுக்குச் செய்த பெரிய உதவி அது என்று பிறகுதான் விளங்கியது. அவளிடம் வாய்விட்டுச் சம்மதம் கேட்டிருந்தால் அவளால் சம்மதிக்க ஏலாது.

"இவன் உனக்கு என்ன முறை? உன் பாஷையில் சொல்லிக் கொடு" என்றாள் டெல்மா.

இது எதிர்பாராத கேள்வி. சட்டைக்கு நூறு வயதுக்கு மேல். போட்டவன் இருபது வயதுப் பொடியனாகவும் இருக்கலாம். தம்பியா, தாத்தாவா? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஆம்பிளையை நாங்கள் எப்படிக் கூப்பிடுவோம், கடையில், பஸ்ஸில், வழி கேட்கும்போது? அதுதான் வாயில் வந்தது.

"அண்ணை" என்றேன்.

கொடுத்தேன். அவள் பிடித்துவிட்டாள் என்று நம்பிக் கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளுக்குத் தம்பி, எனக்கு அண்ணன். அப்படியானால் அவள் எனக்கு யார் என்று இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. பிறகு அவள் காய்ந்த இறைச்சியும் பழக்களியும் பிய்த்து, ஒரு பங்கை அவனுக்கென்று தட்டில் வைத்தாள், ஒரு பங்கை என் கையில் தந்தாள். வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் தொடுவதில்லை. அன்று வெள்ளி. சாப்பிட்டேன்.

கமிட்டியின் முன் மறுபடியும் கேட்டார்களாம், இது உங்கள் உறவினருடைய சட்டைதானா என்று. "ஓம், என் தம்பியுடையது" என்றாளாம் டெல்மா. நூறு வருடத்துக்கு முன்பிருந்தவர் எப்படித் தம்பியாவார் என்று ஒருவர் கேட்க, அவள் நடந்ததைச் சொன்னாளாம். எல்லாரும் மார்கரெட்டைப் பார்த்தார்களாம். இதில் உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கமிட்டித் தலைவர் கேட்டாராம்.

"நான் அபிப்பிராயம் சொல்லவில்லை" என்று மார்கரெட் எனக்குச் சொன்னாள். "நான் அங்கே நின்றேன் என்று சொன்னேன்."

கமிட்டி முடிவு சொல்லவில்லை, சட்டை இழுப்பறைக்குத் திரும்பியது, டெல்மா வெறுங்கையோடு ஊர் போனாள். கடுதாசிகள் வருடக்கணக்காக இங்கும் அங்கும் போய் வந்தன. மார்கரெட் ஓய்வு பெற்று ஊருக்குப் போனாள். நானும் ஓய்வு பெற்றேன். டெல்மா இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அன்று எனக்குக் கவலையாக இருந்தது, யாருக்காகக் கவலைப்படுகிறேன் என்று சொல்லத் தெரியாத கவலை. அந்தக் கம்பளம் அவள் கண்ணுக்கு வெறுமையாகவே இருந்து முடிந்துவிட்டது. இனி அந்தச் சட்டையைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வருடம் சித்திரையில் அனுமதி வந்தது. விதி மாறிவிட்டது என்கிறார்கள் சிலர், ஆட்கள் மாறிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர், இரண்டு பக்கமும் களைத்துவிட்டது என்கிறாள் அபிராமி. ரே வந்தான். கொடுக்கிற பக்கத்து ஆளும் வர வேண்டும் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தான்.

அதே கொட்டகை. ரேயின் தலைமயிர் நரைத்திருந்தது. அருங்காட்சியகம் செய்து வைத்த நல்ல பெட்டியில் அபிராமி சட்டையை வைத்திருந்தாள். அவன் அதைப் பெட்டியோடு எடுக்கவில்லை. கையுறை போட்டு வெளியே எடுத்து, டெல்மாவின் கம்பளத்தில் சுற்றி, பிறகு பெட்டியில் வைத்தான்.

"அன்றைக்கு எனக்கு நம்பிக்கை இல்லை" என்றான் என்னிடம். "இன்றைக்கும் தெரியாது. ஆனால் சின்னம்மா சாகும்வரை ஒவ்வொரு சாப்பாட்டிலும் தம்பிக்கு என்று ஒரு வாய் எடுத்து வைத்தா. அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நான் எப்படி இல்லை என்பது?"

"கம்பளத்தில் வைப்பீர்களா?"

"தலைவருடையதில் இல்லை. அது வெறுமையாகவே இருக்கும், அவருடையது இன்னும் வரவில்லை. பக்கத்தில் இன்னொன்று விரிப்போம். ஒரு வருடம் அதில் வைத்துச் சாப்பாடு கொடுத்துவிட்டு, சின்னம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்வோம்."

"அப்படியென்றால் இது சாவீடா?" என்று கேட்டேன்.

அவன் பெட்டியை மூடினான். "எனக்குத் தெரியாது. அவ இருந்தால் சொல்லியிருப்பா" என்றான்.

போகும்போது என்ன சொல்வது என்பதிலும் எனக்குக் குழப்பம். கலியாண வீடு என்றால் போயிட்டு வாறன் என்று சொல்லலாம். சாவீட்டில் சொல்லக்கூடாது, பேசாமல் இறங்கி வர வேண்டும். நான் அரைகுறையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ரெயிலில் இருக்க அழுகை வந்தது. பக்கத்திலிருந்த பெண் ஒரு டிஷ்யூ தந்தாள். பார்த்து வளர்த்த ஒன்று போவதுபோல இல்லை அது. இருந்தும் இல்லாமல் இருந்த ஒருவர், என் பக்கமென்று இந்த ஊரில் இருந்த ஒரேயொருவர், என்னைவிட்டுப் போகிறார் என்றுதான் இருந்தது. ஒரு தோல் சட்டைக்காக இப்படி அழலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினேன். ரஞ்சி திறந்து என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே வர நான் கால் வைக்கவில்லை.

"ஏன் நிக்கிறியள்?"

"குளிச்சிட்டு வாறதோ, அப்பிடியே வாறதோ எண்டு தெரியேல்லை. சாவீட்டுக்குப் போட்டு வந்தனானோ என்னவோ."

அவள் பகிடி விடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் விடவில்லை.

"அண்டைக்கு அவரை என்னெண்டு சொல்லிக் குடுத்தனீங்கள்?"

"அண்ணை எண்டு."

"சபையில வைச்சோ?"

"ஓம்."

"பின்னால போய்க் குளிச்சிட்டு வாங்கோ" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறக்கப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் எங்கள் உபயம், அன்றைய பூசை எங்கள் செலவு. வருடந்தோறும் நாங்கள் விடாமல் செய்வது, ரஞ்சி ஒரு மாதத்துக்கு முன்பே சேலை எடுத்து வைத்துவிடுவாள். நான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வரும்போது அவள் தன் தங்கையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த முறை உபயத்தை நீங்கள் எடுத்துச் செய்யுங்கோ. எங்களுக்குத் துடக்கு." துடக்கு என்றால் சாவுத் தீட்டு, அந்தப் பக்கம் செத்தது ஆர் என்று கேட்டிருக்க வேண்டும். "இவரின்ரை பக்கத்தில. இவரின்ரை தமையன் ஒராள்."

நான் எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை. தங்கைக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தும் அவள், எப்ப நடந்தது என்று மட்டும் கேட்டாளாம்.